சுவருக்கு இந்தப் பக்கம்

மட்டாஞ்சேரி,
14-7-1986

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு,

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும். க்ஷேமம் விசாரித்து, ஊர் மழையைச் சொல்லி, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருவதுதான் என் வழக்கம். இன்று அதற்குப் பொறுமை இல்லை. மழை பெய்கிறது. நானும் மாமியும் இருக்கிறோம். இனி விஷயம்.

உன் பேட்டி வந்த பம்பாய்ப் பத்திரிகையைப் படித்தேன். ட்யூட்டோரியலில் என்னிடம் இங்கிலீஷ் படிக்கும் பெண் ஒருத்தி, “ஸாரே, இது ஸாரோட மருமான் அல்லே?” என்று வகுப்பு நடுவில் கொண்டுவந்து நீட்டினாள். கறுப்புச் சட்டையும் கண்ணில் மையுமாக ஏதோ இடிந்த சுவரில் சாய்ந்து நிற்கிறாய். கீழே உங்கள் குழுவின் பெயர், ‘பில்ஜ் வாட்டர்’. கப்பலின் அடியில் தேங்கி நாறும் தண்ணீர் என்று நான் அர்த்தம் சொன்ன அன்றே மாமி மூக்கைப் பொத்திக்கொண்டாள், நினைவிருக்கும்.

பத்திரிகைக்காரன் கேட்கிறான்: வெறும் பங்க் கூச்சலாக இருந்த உங்கள் பாட்டில் இந்த இருட்டு, இந்தக் கோதிக் தன்மை எப்படி வந்தது? நீ சொல்கிறாய்: லண்டனிலிருந்து வந்த ஒரு ரிக்கார்டைக் கேட்டோம், வழி தெரிந்தது. கொச்சியில் எங்களைக் கேட்க ஆளே இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் குடைக்காம்பால் சுவரைத் தட்டுவார், அவர்தான் எங்கள் ஒரே ரசிகர். அப்புறம் அந்தத் தட்டலும் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்திருப்பார்.

எனக்கு நாற்பத்தேழு வயது ஆகிறது. போய்ச் சேரவில்லை. அந்தப் பக்கத்து வீட்டில்தான் நீ பாலக்காட்டிலிருந்து பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாய். கல்லூரிப் படிப்பு முழுக்க அங்கே சாப்பிட்டாய், அங்கே தூங்கினாய். மாமி உனக்காக மட்டும் மொளகூட்டலில் தேங்காயைக் குறைத்து அரைத்தாள். கல்லூரி வேலைக்கு நேர்காணலில் என்னை உட்காரவைத்துவிட்டு சிபாரிசுக்காரனை எடுத்துக்கொண்டார்களே, அதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் கிழவர் என்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

சுவரைத் தட்டினேன், வாஸ்தவம். அதற்கு வருத்தப்படவும் இல்லை. நம் வீட்டுக்கும் சுக்குக் கிடங்குக்கும் நடுவில் ஒரே சுவர். நீயும் டிரம் அடிக்கும் இஸ்மாயிலும் தேவராவிலிருந்து வரும் அந்த ஸ்டான்லியும் சேர்ந்து அங்கே போட்ட சத்தத்தில் மாமி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “அங்கே யாரையாவது கொல்றாளா, போய்ப் பாருங்கோளேன்” என்பாள். துறைமுகத்து மாலுமி யாரோ கொடுத்த கேஸட்டைக் கேட்டுவிட்டு அதேபோல் கத்தினீர்கள். எல்லாப் பாட்டும் ஒரே வேகம், எல்லாவற்றிலும் அரசாங்கம் ஒழிக. வாடகை கட்டாத பையன்கள் எந்த அரசாங்கத்தை ஒழிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே தட்டினேன். இன்று அதே சத்தம் வந்தால் இன்றும் தட்டுவேன்.

ஆனால் தட்டல் ஏன் நின்றது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மழை பொய்த்த எண்பத்து மூன்றாம் வருஷம். பாதி நாள் மின்சாரம் இல்லை. இருக்கிற நாளிலும் விளக்கு வைக்கிற நேரத்தில் வோல்ட்டேஜ் விழுந்துவிடும், பல்பு பூசணிப்பூ மாதிரி மஞ்சளாகத் தொங்கும். அன்று மத்தியானம் ஒரு பாட்டை டேப்பில் பிடித்துவைத்து, சாயங்காலம் போட்டுக் கேட்டீர்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு சுவரருகே வந்துவிட்டேன். சுவருக்கு அப்பால் வோல்ட்டேஜ் விழுந்தது. டேப் இழுத்தது. உன் கீச்சுக் குரல் இறங்கி இறங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வேறு ஒருவன் பாடுவதுபோல் ஆயிற்று. “அய்யோ, டேப் போச்சு, ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு” என்று நீ கத்தினாய். ஸ்டான்லி சிரித்தான். இஸ்மாயில்தான், “வேண்டாடா, ஓடட்டே” என்றான். சொல்லிவிட்டு, இழுத்துக்கொண்டு போகும் அந்த டேப்புக்குப் பின்னாலேயே பெரிய டிரம்மை அடித்தான். ஒவ்வொரு அடியும் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டித்தான் விழுந்தது. அடுத்தது வராதோ என்று பயமாக இருந்தது, வந்தது.

நான் குடையைக் கீழே வைத்தேன். அன்றிலிருந்து அந்தச் சுவரைத் தட்ட எடுக்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் நீங்கள் அதே இழுவையில் பாடிப் பழகியபோது, இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். கோதிக் என்றால் என்னவென்று இருபது வருஷமாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். பாழடைந்த கோட்டை, தூரத்து மணியோசை என்று நோட்ஸ் கொடுத்திருக்கிறேன். அது சுக்கு மணக்கும் ஒரு கிடங்கில் நடக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. உன் லண்டன் ரிக்கார்டு அதற்கு எட்டு மாதம் கழித்து வந்தது. பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவனே நான்தான்.

இஸ்மாயிலை நான் தூக்கிவைத்துப் பேசுவதாக நினைக்காதே. வாயைத் திறந்தால் பொய், கண்ணாடியைக் கண்டால் சீப்பு. உன் கண்ணில் இன்று இருக்கும் மையும் அவன் வீட்டுச் சுறுமாப் புட்டியிலிருந்து ஆரம்பித்ததுதான். நீங்கள் மூவரும் முதன்முதலில் கறுப்பு உடுத்தியது விருச்சிக மாதம், சபரிமலைக்கு மாலை போடுகிற சமயம். ஜெட்டிச் சாயாக்கடைக்காரர், “சாமிமார்க்கு ஆம்லெட் இல்லை” என்று ஒரே பிடியாக நின்றார். இஸ்மாயில், “சேட்டா, என் பேர் முகமது இஸ்மாயிலாக்கும்” என்று சொல்லிப் பார்த்தும் அவர் நம்பவில்லையாம். இதை அவனே நூறு தரம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அந்த இஸ்மாயில் போன வாரம் நீ அவனுக்கு எழுதிய கடிதத்துடன் வந்தான். இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய். அவனுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும் என்பது உனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் இங்கிலீஷ். நான் சத்தமாகப் படித்து மலையாளத்தில் சொன்னேன். “ரிக்கார்டு கம்பெனிக்காரர்கள் டிரம்முக்குப் பதில் ரிதம் மெஷின் ஏற்பாடு செய்திருப்பதால் நீ பம்பாய் வரும் சிரமம் எடுக்க வேண்டியதில்லை, உன் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.” அவன் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஸாரே, இதுல ‘நீ வரவேண்டா’ன்னு எவிடெ எழுதியிருக்கு?” என்றான். எழுதவில்லை என்றேன். என்னிடம் கற்ற இங்கிலீஷ் அல்லவா, நன்றாகவே எழுதியிருக்கிறாய்.

கொஞ்ச நேரம் சிரித்தான். மெஷினுக்குச் சாயா வாங்கித் தர வேண்டாம், வெங்கிட்டுவுக்கு லாபம்தான் என்றான். வாசல்வரை போய்த் திரும்பி, “வோல்ட்டேஜ் குறைஞ்சா அந்த மெஷின் எந்து செய்யும்?” என்றான். பதில் உனக்குத் தெரிந்தால் அவனுக்கு எழுது, மலையாளத்தில்.

அவன் டிரம்மை விற்கப் பார்க்கிறான். கும்பளங்கியிலிருந்து ஒரு பேண்ட் செட்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கர்க்கடக மாதம், நம் ஆடி, கழிந்ததும் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கிடங்கையும் பூட்டிவிட்டார்கள். ஆகவே டிரம் இப்போது நம் வீட்டு முன்னறையில் இருக்கிறது. ஆமாம், நான்தான் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். மாமி அதன்மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி, வருகிறவர்களிடம் தையல் மெஷின் என்கிறாள். சாயங்காலம் அவன் வந்து அடிக்கிறான். பழைய இழுவை கெடவில்லை. இன்னொரு பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு கஸ்டம்ஸ்காரர் சுவரைத் தட்டுகிறார். நான் குடைக்காம்பால் திருப்பித் தட்டுகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த மெஷின் முன்னால் நின்று பாடுவதற்குள் இஸ்மாயிலைக் கூப்பிடு. கம்பெனி ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுந்து வெளியே வா. அரசாங்கத்தையே ஒழிக்கப் புறப்பட்டவனுக்கு ஒரு கம்பெனிக்காரனிடம் முடியாது என்று சொல்லத் தெரியாதா? மெஷின் நேரத்துக்குச் சரியாக அடிக்கும். நேரத்துக்குச் சரியாக வருவதைக் கேட்டு எவனும் பயப்பட மாட்டான், எவனும் குடையைக் கீழே வைக்க மாட்டான். பேண்ட் செட்காரர் வந்தால் வாசலில் நான் இருப்பேன். சிங்க மாதம் முடியும்வரை அவரைத் தடுத்து நிறுத்துவது என் பொறுப்பு. அதற்குமேல் உன் பொறுப்பு.

மாமி ஆசீர்வாதம் எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். என்னுடையது இஸ்மாயில் ஏறுகிற ரயிலில் வரும், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மழைக்காலம், தொண்டையைப் பார்த்துக்கொள். ராத்திரி தயிர் வேண்டாம்.

கொச்சியில் கேட்க ஆளே இல்லை என்று அச்சில் சொல்லிவிட்டாய். இல்லாத ஆள் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? அதனால் கீழே பெயர் எழுதப்போவதில்லை, உறையின் பின்னால் விலாசமும் கிடையாது. இப்படியே ஒட்டி, ட்யூட்டோரியலுக்குப் போகிற வழியில் பெட்டியில் போடுகிறேன். எழுத்தைப் பார்த்து யாரென்று தெரிந்தால் தெரியட்டும். உன் கட்டுரைகளில் சிவப்பு மையால் திருத்தியிருப்பதும் இதே எழுத்துதான்.