நியேவெஸ் உனக்கு யார்?

அன்பு மகன் ஓஸ்னியேலுக்கு, லாஸ் பலாசியோசிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், கூரைதான் நலமில்லை. மயாமியில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமென்று நம்புகிறேன், அப்படியே இருங்கள். இதை எடுத்துவரும் டானியா நாளை அங்கே திரும்புகிறாள், அதனால் அவசரமாக எழுதுகிறேன். புயலில் புகையிலை உலர்த்தும் கொட்டகைகள் எல்லாம் படுத்துவிட்டன. நம் வீட்டில் அடுப்படிக்கு மேல் மட்டும் தகரம் மிச்சம், அதன் கீழ்தான் எங்களுக்கும் கோழிகளுக்கும் குடித்தனம். அப்பா வளைந்த ஆணிகளைப் பொறுக்கி நிமிர்த்துகிறார், நிமிர்த்திக்கொண்டே இரண்டு நாட்டு அரசாங்கங்களையும் திட்டுகிறார். விரலில் சுத்தியல் பட்டால் உன்னையும் சேர்த்துத் திட்டுகிறார், கோபித்துக்கொள்ளாதே.

என் கவலையெல்லாம் நியேவெஸ்தான். அவள் வீட்டில் சுவர்கூட மிஞ்சவில்லை. உன்னைப் பெற்றுவிட்டு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பால் காய்ச்சிப் புகட்டி உன்னை வளர்த்தவள், சாமி, கோயில் என்றாலே ஆகாத ஆளுங்கட்சிக்காரர்கள் கண்ணில் படாமல் பாதிரியாரிடம் தூக்கிப்போய் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்க வைத்த ஞானத்தாய். நம் நாட்டுக்குப் பணமோ பொருளோ அனுப்பக்கூடாதென்று அங்குள்ள அரசாங்கம் போட்டிருக்கும் தடையில் பெற்றோர், பிள்ளை, கூடப்பிறந்தவர், தாத்தா பாட்டி, இவர்களுக்குத்தானே எதுவும் அனுப்பலாம். புயலுக்காவது அதைத் தளர்த்தச் சொல்லி அங்குள்ள நம்மவர்கள் கேட்கிறார்கள் என்று வானொலியில் வந்தது. ரொட்டி வரிசையில் அதே பேச்சு, சித்தி அத்தையையும் சேர்ப்பார்களாம் என்றார்கள். ஞானத்தாயைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. நான் வாய் சும்மா இராமல், பக்கத்தில் நின்ற நியேவெஸிடம், "கவலைப்படாதடி, உன்னை அவனுக்குச் சித்தின்னு சொல்லிடலாம், தகரம் வந்துடும்" என்றேன். வந்ததே கோபம். "சித்தியா? சாமி முன்னால அவனுக்குத் தாயா நின்னவடி நான். ஒரு தகரத்துக்காக என்னைச் சித்தியா இறக்குறியா?" என்று கத்திவிட்டு ரொட்டிகூட வாங்காமல் போய்விட்டாள்.

முதல் புயலுக்கு எங்களோடு கட்டிலடியில் கிடந்தவள், பின்னாலேயே வந்த அடுத்த புயலுக்கு எங்களிடம் வரவில்லை, தனியாகப் பள்ளிக்கூட முகாமுக்குப் போனாள். இப்போது தார்ப்பாய்க்குக் கீழே இருமிக்கொண்டு கிடக்கிறாள், மழையும் விடுவதாயில்லை. பீன்ஸும் சோறும் கொண்டுபோனால் பசியில்லை என்கிறாள். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் நனைகிறவளுக்கு இவ்வளவு ரோஷமா என்று எரிச்சலும் வருகிறது. இந்த மார்ச்சளியோடு இன்னும் ஒரு வாரம் அங்கே கிடந்தால் அவளை இழந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று சேதம் பார்க்க வந்த அதிகாரி, சொந்தம் என்று யாராவது உண்டா என்று அவளைக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஒரே மகன், வெளிநாட்டுல இருக்கான்" என்றாள். பெற்றவள் நான் வாயைத் திறக்கவில்லை.

தடை தளர்ந்தாலும் தளராவிட்டாலும், எங்கள் பெயருக்கு நீ அனுப்புவதில் முதல் கூரை அவளுக்குத்தான், அப்பாவும் சம்மதித்துவிட்டார். அதுவரை அவள் எங்கள் அடுப்படியில் வந்து படுக்க வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொல்.

கோப்ரே மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். கடிதம் கிடைத்ததும் எதிர்வீட்டு ஒஃபேலியாவின் போனுக்குக் கூப்பிடு, மறந்துவிடாதே. என்னைக் கேட்காதே, நியேவெஸைக் கூப்பிடச் சொல். எப்போதும் அவளை ஞானத்தாயே என்றுதானே அழைப்பாய், இந்த முறை அம்மா என்று கூப்பிடு. எனக்குக் கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.

உன் அம்மா,
மிக்டாலியா