வீக்கம் வடிந்த முழங்கால்

ஐப்பசி 9, திங்கள்.

கீமோ ஏறியதில் மகள் செல்வியின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. இனி ஆபரேஷன் எதற்கு என்று வேலூர் டாக்டரிடம் கேட்டேன்.

"உள்ள எலும்புல கட்டி இன்னும் இருக்குங்க. வேற எங்கயும் பரவல. சுத்தி நல்ல எலும்பையும் கொஞ்சம் சேர்த்து எடுத்துட்டு, உலோக மூட்டு வெப்போம். கால் போகாது."

நல்லதை ஏன் வெட்ட வேண்டும்? பஸ்ஸில் கண்ணமங்கலம் வரை இதையே முணுமுணுத்தேன். செல்விக்குக் கோபம் வந்துவிட்டது.

"தறியில இழை நைஞ்சா அந்த இடத்துலயே முடிச்சு போடுவியா? நல்ல நூல் வரைக்கும் தள்ளி வெட்டிட்டுத்தானே போடுவ? சும்மா பேஜார் பண்ணிகினு வராதப்பா."

ஆரணியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வலிக்கவே இல்லப்பா" என்றாள்.

காலையில் இதே சொல்லைக் கேட்டு நிம்மதியாக இருந்தேன். இப்போது, கட்டி உள்ளேயே இருந்தும் வலிக்கவில்லை என்பதுதான் தூங்கவிடவில்லை.