ஜோஸ்பின் தனியாகப் போன ஊர்

தரங்கம்பாடி
18.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

மாதா புண்ணியத்தில் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனை அணைத்துவிட்டேன், கோபப்படாதீர்கள். மணி அடித்தால் எடுக்கவேண்டும், எடுத்தால் பேசவேண்டும். பதிலை உறையின் பின்னால் எழுதியிருக்கும் விடுதி முகவரிக்குப் போடுங்கள்.

இருபத்திரண்டு வருடமாக நம் பாத்திரக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசிவிட்டேன். நேற்று முழுவதும் நான் பேசியது, “ஒரு காபி, சர்க்கரை கம்மி” என்பது மட்டும்தான். கடலோரமாக நடந்தேன். நின்ற இடத்தில் ஏன் நின்றாய் என்று கேட்க யாருமில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ஜோஸ்பின்

நாகல் நகர், திண்டுக்கல்
22.1.2025

அன்புள்ள ஜோஸ்பினுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சாப்பிடச் சொன்னதைத் தவிர அதில் நான் எங்கேயும் இல்லை.

பக்கத்துக் கடை ஆரோக்கியதாஸ் வந்து, “சம்சாரம் யாரு கூடப் போயிருக்காக?” என்றான். தனியாகத்தான் என்றேன். “தனியாப் போயி அங்க என்னத்தப் பண்றாக?” என்றான். அதையேதான் நானும் உன்னிடம் கேட்கிறேன்.

கடலோரம் நடந்தபோது உன் கூட யாரும் வரவில்லையா? உண்மையைச் சொல். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனபோது மூன்று நாளும் தலைவலி என்று படுத்தே கிடந்தாய். அங்கே மட்டும் எப்படி வலிக்காமல் இருக்கிறது?

உன்
பாஸ்கல்

தரங்கம்பாடி
25.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

யாரும் இல்லை. மாதா மேல் சத்தியம்.

கொடைக்கானலில் எனக்குத் தலை வலிக்கவில்லை. உங்கள் பேச்சை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. உங்கள் மேல் பிரியம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. ஆட்களோடு இருந்தால் எனக்கு உடம்பு ஓய்ந்துபோகிறது. ஏதோ நோய் என்று இத்தனை வருடம் பயந்திருந்தேன். என் குணமே அதுதான் என்று இங்கே வந்து தெரிந்துகொண்டேன்.

எட்டாம் தேதி ரயிலில் வருகிறேன்.

உங்கள்
ஜோஸ்பின்

நாகல் நகர், திண்டுக்கல்
29.1.2025

ஜோஸ்பினுக்கு,

நீ சத்தியம் செய்து எழுதிய கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே, ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே வந்தேன். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தேன்.

ஓட்டலில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். எதிர் நாற்காலியில் உன் பை மட்டும் இருந்தது. எதையோ நினைத்து நீயாகவே சிரித்தாய். அந்த முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எவனாவது உட்கார்ந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். யாருமே இல்லையென்றால் நான் யாரோடு சண்டை போடுவது? வந்த வழியே திரும்பிவிட்டேன். பொறாமை குறையவில்லை, கூடித்தான் போயிருக்கிறது.

எட்டாம் தேதி ஸ்டேஷனுக்கு வரட்டுமா?

பாஸ்கல்

தரங்கம்பாடி
1.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களை நானும் பார்த்தேன். டீக்கடை ஓரமாக நின்றிருந்தீர்கள். கூப்பிடக் கை எழுந்தது. கூப்பிட்டால் பேசவேண்டியிருக்குமே என்று இறக்கிக்கொண்டேன். நீங்கள் பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இறங்கியது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அதை நினைத்துத்தான் எனக்கே பயமாக இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். அறையை இந்த மாதம் முடியும்வரை கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று இன்னும் யோசிக்கவில்லை.

கடிதம் மட்டும் போடுங்கள். கடிதத்தில் நீங்கள் மெதுவாகப் பேசுகிறீர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஜோஸ்பின்