டொக்டரிடம் மறைத்த பயணம்

என் ஆசை அப்பாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க வழியில்லை. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. பீலிக்கரைக்குப் போகாதே, தண்ணீர் நான் கொண்டுவருகிறேன் என்றால் கேட்பதில்லை. அதில் உங்களுக்கு ஏற்ற ஜோடி.

அடுத்த வாரம் உங்களுக்கு இரண்டாவது திவசம். அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். உங்களிடம் மட்டும் இல்லை, நம்ம ஜனம் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாளே என்று கோபப்படுவீர்கள். படுங்கள். உயிரோடு இருந்தபோதும் கோபம்தானே பட்டீர்கள்!

போன மாதம் மேட்டு லயத்து வரிசை வீட்டில் இருக்கிற முருகேசு அண்ணனுக்குக் காய்ச்சல். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற உடம்பு, கம்பளிக்குள்ளே சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி லட்சுமி அக்கா கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருக்கிறார். லிந்துலைப் பனிக்கு நடுங்காதவன் யார் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். உங்களையும் அப்படித்தானே விட்டோம்.

அந்த நேரம் சுகாதாரப் பரிசோதகர், நம்ம பி.எச்.ஐ. மாத்தயா, லயத்துக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், சிங்களவர், நல்ல மனுஷன். இந்தியா போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்க வேண்டுமாம். நம்ம நாட்டில் மலேரியாவை ஒழித்துவிட்டார்கள், இப்போது அது வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. நான் புள்ளக்காம்பராவில் பிள்ளை பார்க்கிறவள், கட்டுநாயக்கா கார்மென்டில் எட்டு வருஷம் சிங்களம் பேசியவள். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வீடு ஒரே பதில். "நாங்க எங்கங்க போறது? லயத்த விட்டா மலை, மலைய விட்டா லயம்." முருகேசு அண்ணனும் கம்பளிக்குள்ளே இருந்து அதையேதான் சொன்னார். ஆனால் அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் முதுகு வலி என்று லீவு போட்டுவிட்டு, அக்கா மகள் கல்யாணத்துக்கு மங்களூர் பக்கம் போய் வந்திருந்தார். நம் தோட்டத்தில் இருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில்தானே இருக்கிறார்கள். நம்ம சித்தப்பாவும் அங்கேதான்.

"எங்கேயும் போகவில்லையாம்" என்று சிங்களத்தில் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், மாத்தயா அடுத்த வாசலுக்குப் போயிருப்பார். என் வாய் திறக்கவில்லை அப்பா.

உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டொக்டர் கேட்ட அதே கேள்வி. "கடைசி சில மாதத்தில் வெளியூர், இந்தியா, எங்கேயாவது போனாரா?" அவர் கேட்காமல் விடவில்லை. இரண்டு தரம் கேட்டார். நீங்கள் கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்து, தலையை ஆட்டினீர்கள். நான் அவர் முகத்தைப் பார்த்து "இல்லை" என்றேன். நல்ல சுத்தமான சிங்களத்தில் சொன்னேன்.

நீங்கள் இந்தியாவில் சித்தப்பாவைப் பார்த்து இருபத்தோரு நாள் இருந்துவிட்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. லயத்தில் கேட்டவர்களுக்கு, கொழும்பில் என் அண்ணன் வீட்டுக்குப் போனதாகக் கதை. அம்மாவுக்கு நீங்கள் வாங்கி வந்த சேலையைக்கூட, கேட்டால் கொழும்பில் எடுத்தது என்று சொல்லச் சொன்னீர்கள்.

ஏன் அந்தப் பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் தம்பியை இந்தியாவுக்கு அனுப்பப் பெயர் எழுதிக் கூட்டிப்போன நாளில் நீங்கள் ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடினீர்கள் என்று பாட்டன் காலத்து ஆட்கள் சொல்லுவார்கள். உங்களுக்குப் பிரஜாவுரிமைக் காகிதம் வந்தது எத்தனை காலம் கழித்து! அதனால்தான் நாங்கள் சின்னதாய் இருந்தபோதே சொல்லி வைத்தீர்கள்: "ஆபீசுல இந்தியான்னு வாயத் தெறக்காத புள்ள. தெறந்தா பெட்டியக் கட்டுன்னுருவான்." பாஸ்போர்ட்டில் இந்த நாட்டு முத்திரை இருக்கிறது, ஓட்டுப் போடுகிறோம், அப்புறமும் அந்தப் பயம் போகவில்லை. நீங்கள் பயந்தது சரி. எனக்கு என்ன கேடு? நான் படித்தவள்தானே?

ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் இறங்கியபோது நீங்கள் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டீர்கள். அப்பாடா, சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். அப்புறம் நினைவு தப்பி, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிய பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் இரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மருந்தும் ஏற்றினார்கள். ஆனால் அது காய்ச்சல் கண்ட ஏழாம் நாள். அங்கிருந்த டொக்டர் பெண் என்னைத் திட்டவில்லை. "ஏன் நங்கி, ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். தங்கச்சி என்று கூப்பிட்டுக் கேட்டவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

உங்களை அடக்கம் செய்த மறுநாள் சுகாதார ஆட்கள் வந்து நம் வீட்டில் எல்லார் இரத்தமும் எடுத்தார்கள். லயத்தில் கேட்டதற்கு டெங்கு பார்க்கிறார்கள் என்றேன். உங்களுக்கு வந்தது நிமோனியா என்றேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய்!

இவ்வளவும் முருகேசு அண்ணன் வாசலில் நின்றபோது ஒன்றாக வந்து முன்னால் நின்றது. மாத்தயாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தமிழில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினேன்.

"எங்கப்பா செத்தது நிமோனியாவுல இல்ல. மலேரியா. இந்தியா போய்ட்டு வந்தாங்க. டொக்டர் கேட்டாரு. நான்தான் இல்லன்னு சொன்னேன். அண்ணே, நீங்களும் அப்புடிப் போயிறாதீங்க."

முருகேசு அண்ணன் என்னை முறைத்தார். லட்சுமி அக்காதான் முன்னால் வந்தார். "போனாருங்க. ரெண்டு கெழமை இருந்தாரு. எடுங்க ரத்தத்த." அப்புறம் புருஷன் கையைத் தானே பிடித்து நீட்டினார்.

மலேரியாதான் அப்பா. அன்றைக்கே ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். இப்போது திரும்பி வந்து மலையில் வேலைக்கு நிற்கிறார். "ஊரு பூரா என் பேரக் கெடுத்துட்டியே" என்று இன்னும் திட்டுகிறார். திட்டட்டும், அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றைக்கே இன்னும் நாலு பேர் தாங்களாக வந்து விரலை நீட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அம்மாதான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "நீ அன்னைக்கே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா?"

"பொழச்சிருப்பாங்கம்மா" என்றேன். அதற்குமேல் பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை. அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். அன்றிலிருந்து பேசுகிறார், ஆனால் பழைய மாதிரி இல்லை. என்னை மன்னித்துவிட்டாரா? நீங்கள் மன்னித்தீர்களா? யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது. தன் வீட்டு நுளம்பு கடித்துத்தான் அண்ணன் போனார் என்று தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார். ஆனாலும் நேரில் போய்ச் சொல்லத்தான் போகிறேன். சித்திரையில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். தோட்டத்து ஆபீசில் லீவுக் கடிதத்தில் இந்தியா என்றே எழுதிக் கொடுத்தேன். கிளாக்கர் வாங்கி வைத்துக்கொண்டார், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. திரும்பி வந்து இறங்கியதும், யாரும் கேட்கும் முன்னால் நானே சொல்லுவேன், விரலை நீட்டுவேன். இனி நம் லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கூடவே போய், எங்கே போனார்கள் என்று முதலில் சொல்லுவேன். சொன்னதைக் கேட்டு எவனாவது பெட்டியைக் கட்டு என்றால், நீங்கள் பயப்பட வேண்டாம். அவனுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

உங்களுக்காகப் பேசப் போய், உங்களைப் பறிகொடுத்த மகள்,
செல்வராணி