ஒன்பதரை மணிக்குக் காலியாக இருந்த நாற்காலிகள்

ராவ்ன்ஸ்விக், 5 மே 2009

அன்புள்ள குத்ரூன்,

நேற்று ஒரு கல்யாணத்தில் நான் வெறும் காலுறையோடு, வாய் நிறைய முட்டையோடு பிடிபட்டேன். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. உனக்கு மட்டும் நானே சொல்லிவிடுகிறேன்.

நகராட்சியின் ஆறு அலுவலகங்களையும் மூடி, நகர நடுவில் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டோம் அல்லவா? பத்துப் பேருக்கு ஏழு மேசை. முந்தி வந்தவருக்கு இடம். வரைபடத்தில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! வரைந்தவன் நான்தான். நேற்று எட்டேகாலுக்குப் போனேன், ஒரு மேசை இல்லை. மூன்று மாடியும் கணினியைக் கட்டிக்கொண்டு அலைந்தேன். கடைசியில் பதிவுத் திருமணம் நடக்கும் அறை திறந்து கிடந்தது. திங்கட்கிழமை யார் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று ஷூவைக் கழற்றிவிட்டு, காகிதங்களைப் பரப்பி, அவித்த முட்டையை உரித்தேன். கதவு திறந்தது. மணப்பெண், மாப்பிள்ளை, பூங்கொத்தோடு ஒரு அத்தை.

"இவர்தான் நமக்குக் கல்யாணம் பண்ணி வைக்கறவரா?" என்றாள் பெண்.

"இவரா? இவரு காலைச் சாப்பாட்டுக்கு வந்திருக்காரு" என்றாள் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, இவ்வளவு பெரிய கட்டடம் கட்டியிருக்கீங்க, உங்களுக்கு உக்கார ஒரு நாற்காலி கூடவா இல்லை?" என்று கேட்டாள்.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. பொய். பதினான்கு மாதமாக வந்துகொண்டேதான் இருக்கிறது. ஃபோனில் சொல்லத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் பிப்ரவரியில் எந்த அலுவலகத்தில் எத்தனை மேசை நிஜமாகவே தேவை என்று எண்ணினோமே, அலுவலகத்துக்கு ஒரு நாள், காலை ஒன்பதரை மணிக்கு. உங்கள் துறைமுக அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமையை ஒதுக்கியவன் நான். ஏன் தெரியுமா? வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு நீங்கள் எல்லோரும் சமையலறையில் கூடி ரொட்டி சாப்பிடுவீர்கள். அந்த வாரம் உன் முறை. கசகசா தூவிய உன் ரொட்டிக்காகத்தான் வந்தேன். சமையலறைக்கு வரும் வழியில் உங்கள் ஆறு மேசைகளைப் பார்த்தேன். ஐந்து காலி. குறித்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ரொட்டி தின்றேன். நீ வெண்ணெய் எடுத்துக் கொடுத்தாய்.

அடுத்த மாதம் உங்களுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது.

கோபித்துக்கொள். ஆனால் பதில் போடு.

உன்
பிரெபென்

---

12 மே 2009

முட்டைக்கார மாப்பிள்ளைக்கு,

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கடைசிப் பகுதியை மறுபடி படித்தேன்.

வேலை போனதற்குக் காரணம் எங்கள் சோம்பல் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கடையில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே, "அஞ்சு நாற்காலி சும்மா கிடந்துச்சாமே?" என்றாள். எந்த ஐந்து நாற்காலி என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஒரு செய்தி. பழைய அலுவலகங்களின் காகிதங்களைப் பிரித்து அடுக்க ஆறு வாரத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், போய் இரண்டு வாரம் ஆகிறது. பழைய நகர மன்றத்தின் நிலவறை. அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது, உன்னைவிட நான் மேல்.

துறைமுகத்துப் பெரியவர் ஆங்கர் ஞாயிறு தோறும் படிவத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். "இரண்டு பஸ் மாறிப் புது ஆபீசுக்குப் போனேம்மா, அங்க ஒரு மெஷின் என்கிட்ட நம்பர் கேக்குது" என்கிறார்.

மே 28 நகர மன்றக் கூட்டத்தில் துறைமுகத்தில் மறுபடி ஒரு சின்ன அலுவலகம் திறப்பதா வேண்டாமா என்று பேசப்போகிறார்கள். இரண்டு மேசை. நீ எனக்கு எழுதியதை அங்கே எழுந்து சொன்னால் போதும்: அவர்கள் சமையலறையில் இருந்தார்கள், நானும் அங்கேதான் இருந்தேன் என்று.

எனக்காகக் கேட்கவில்லை என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். எனக்காகவும்தான். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, பிரெபென்.

சொன்னால் கோபம் போய்விடும். இருபத்தேழு வருஷப் பழக்கம், வேறு யாரோடு நான் சண்டை போடுவது?

அன்புடன்
குத்ரூன்

---

29 மே 2009

அன்புள்ள குத்ரூன்,

எழுந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேயரம்மா என்னைப் பார்த்து, "என்ன பிரெபென், சொல்லுங்க" என்றார். பத்தொன்பது முகங்களும் திரும்பின. "சன்னலைத் திறக்கலாமா?" என்று கேட்டேன். திறந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

துறைமுகத்துக்கு அலுவலகம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும்.

இராத்திரி முழுக்க யோசித்தேன். நான் சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? எண்ணுவதற்கு வகுத்த விதி என்றால் விதிதானே. ஆள் உட்கார்ந்திருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழி. மேலங்கி தொங்கினாலும், காபி ஆவி பறந்தாலும் சுழி. வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது என் நாக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணியதில் பிசகில்லை. காலி நாற்காலிக்கு நேரே ஒன்று போட என் கை வராது, குத்ரூன். என்னைப் பெற்ற அம்மாவின் நாற்காலியாக இருந்தாலும் சுழிதான். நான் கோழை, வயிற்றுக்கு அடிமை, எல்லாம் சரி. பொய்யன் இல்லை. அதையாவது எனக்கு விட்டுவை.

வரும் வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வரட்டுமா? ரொட்டி நானே வாங்கி வருகிறேன். கடையில் விற்பது உன்னுடையதற்குப் பக்கத்தில் வராதுதான்.

உன்
பிரெபென்

---

8 ஜூன் 2009

பிரெபென்,

வெள்ளிக்கிழமை நீ வந்து மணி அடித்தபோது வீட்டில்தான் இருந்தேன். வாசலில் நீ வைத்துவிட்டுப் போன ரொட்டிப் பையை ஆங்கரிடம் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லச் சொன்னார்.

என் ஆறு வாரம் நாளையோடு முடிகிறது. நிலவறையை அடுக்கிவிட்டேன். இனி எழுத வேண்டாம்.

குத்ரூன் ஓபியூ

பி.கு. கடைசிப் பெட்டியில் போன வருஷத்து எண்ணிக்கைத் தாள்கள் இருந்தன. எங்கள் தாளைப் பார்த்தேன், நீ சொன்னபடியே ஐந்து சுழி. அதற்கு அடியில் உங்கள் திட்டப் பிரிவின் தாள்: புதன்கிழமை, காலை ஒன்பதரை, ஆறு மேசை, ஆறுக்கும் ஒன்று. நான்காவது மேசை உன்னுடையது. எண்ணியவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. அன்றைக்கு நீ தாளும் பேனாவுமாக அறை நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாய்.