கம்பியில் காய்ந்த புடவை

12-8-1964, புதன்

நானே செய்த ரேடியோ இன்று மாலை முதல்முறையாகப் பாடியது. அதற்கு மின்சாரமே வேண்டாம். ஒரு செப்புச் சுருள், ஒரு டயோடு, கொல்லையில் உயரக் கட்டிய ஏரியல் கம்பி, அவ்வளவுதான். இரவல் ஹெட்போனில் ஒரு பெண்ணின் குரல் மெல்லக் கேட்டது. நைட் ஷிப்டுக்காகக் குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வரும்வரை துடித்துக்கொண்டிருந்தேன். வந்து காதில் வைத்தார். சத்தமே இல்லை.

"ஆசையில கேட்டிருக்கும் உனக்கு. நாளைக்கு ஹெட்போனைத் திருப்பிக் குடுத்துரு" என்று சிரித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கொல்லையில் போய்ப் பார்த்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் அஞ்சலை என் ஏரியலில் ஈரப் புடவைகளைக் காயப்போட்டிருந்தாள். பாரத்தில் கம்பி தொய்ந்து இரும்பு வேலிமேல் கிடந்தது. வந்த அலையெல்லாம் அந்த வழியே மண்ணுக்குள் போயிருக்கிறது.

"எங்க கொடி நெறஞ்சிப் போச்சிக்கா. இது சும்மாதான தொங்கிக்கினு இருந்துச்சி!" என்றாள். அவளிடம் என்னவென்று சண்டை போடுவது?

மறுபடி இழுத்துக் கட்டினேன். இப்போது முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. இவர் விடியும்வரை மைன்ஸில் இருப்பார். எழுப்பிக் கேட்கச் சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை.