சுதனுக்கு வந்த வருத்தங்கள்

காத்தான்குடியில் இருந்து கடைக்குப் புதுப் பெட்டி வந்தது. கத்தியால் நாடாவை அறுத்ததும் றப்பர் வாசமும் பசை வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறின. குழந்தைச் சப்பாத்துகள், நடந்தால் கீச்சிடுபவை. ஒன்றை எடுத்துக் குதிப் பக்கம் பெருவிரலால் அழுத்தினேன். கீச்சிட்டது. மற்றதையும் அழுத்தினேன். பெட்டி முடியும் வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். அது உன் வேலை. நீ இருக்கும்வரை நான் ஒருநாளும் செய்ததில்லை.

நீ செத்ததற்குக் கட்டின புருசன் நான் அழவில்லை என்று ஆரையம்பதியில் கதைத்தார்கள். உண்மைதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் கடையைத் திறந்தேன். திறக்காவிட்டால் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கறியில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் எனக்கு ஒன்றுதான். விலை கேட்டால் சொல்கிறேன், மிச்சக் காசில் பிழை விடுவதில்லை. அதைப் பார்த்து "மாமா தேறிட்டார்" என்கிறார்கள். தேறவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்திருந்த கால் மாதிரி இருக்கிறேன். கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவதுபோல.

மண்முனைத் துறையில் சைக்கிளோடு வாவியைக் கடந்து படுவான்கரையில் செருப்பு விற்ற காலத்தில் நான் படித்தது ஒன்றுதான். சனத்தின் வாசலில் நின்று விலையைத் தவிர வேறு எதைப் பற்றியும் கதைக்கக் கூடாது. கடை போட்ட பிறகும் அப்படித்தான் இருந்தேன். நீ அப்படி இல்லை. சின்னப் பிள்ளைகள் வந்தால் நிலத்தில் முழங்காலில் இருந்து நீதான் போட்டுவிடுவாய். போடும்போதே பார்த்துவிடுவாய். ஒரு கால் ஒதுங்கி நடப்பதை, நகம் வெளுத்திருப்பதை, மூன்று எட்டு வைத்ததும் மூச்சு வாங்குவதை.

ஒருநாள் தோணிக்காரன் ஒருவனின் மனைவியிடம் நேராகவே சொல்லிவிட்டாய். "தம்பிக்கு மூச்சு இழுக்குதே, ஒருக்கா ஆசுப்பத்திரியில காட்டுங்களன்." அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தலையைச் சுற்றி மூன்று தரம் துப்பினாள். கூட வந்தவளிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சத்தமாகச் சொன்னாள்.

"மலடி கண் வெச்சா நோய் வருத்தம் வராம என்ன வரும்?"

நீ அந்தச் சப்பாத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாய். நான்தான் கதைத்தேன்.

"நாம செருப்பு விக்கிறம் புள்ள. டாக்குத்தர் வேலை நமக்கு எதுக்கு?"

"அப்ப காலை மட்டும் பாத்துட்டு, மேல இருக்கிறதுக்குக் கண்ணை மூடச் சொல்றீங்களா?"

"மூடச் சொல்லல்ல. வாயைத்தான்."

இரண்டு நாள் மூடினாய். மூன்றாம் நாள் உனக்கு ஒரு அக்கா பிறந்தாள். வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளையான உனக்கு. அந்த அக்காவுக்கு ஒரு மகனும் இருந்தான். பெயர் சுதன். ஒரு காலத்தில் நாங்கள் பிறக்குமென்று இருந்து, பிறக்காமல் போன பிள்ளைக்கு நீ எடுத்து வைத்திருந்த பெயர். நான் அதைப் பற்றி உன்னிடம் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

ஊரில் எந்தப் பிள்ளைக்கு என்ன இருந்தாலும் அது முதலில் சுதனுக்குத்தான் வந்தது. "எங்கட அக்காட மகன் சுதனுக்கும் இப்பிடித்தான் மூச்சு இழுத்துச்சு. சளி எண்டு சும்மா இருந்துட்டம். பிறகு டாக்குத்தர் ஏசினார்" என்பாய். பிழை விட்டவர்கள் நாங்கள், ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள். கேட்கிறவள்மேல் ஒன்றும் விழாது. அவள் உச்சுக்கொட்டி, சுதனுக்காகப் பாவப்பட்டு, பிறகு மெதுவாகத் தன் பிள்ளையைப் பார்ப்பாள்.

"உங்கட சுதனுக்கு இந்த மாசம் என்ன வருத்தம்?" என்று நான் நக்கலடிப்பேன்.

"இந்த மாசம் வயித்துப் பூச்சி. போன மாசம் பட்ட பாட்டுக்கு இது பறவாயில்லை" என்று முகம் மாறாமல் சொல்வாய்.

சிலர் திரும்பி வந்து, "சுதன் எப்பிடி இரிக்கான்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவன் ஒவ்வொரு முறையும் சுகமாகிவிட்டான். நீ அவனை ஒருநாளும் சுகமில்லாமல் விடவில்லை.

இந்தப் பெட்டி வந்த அன்று பின்னேரம் ஒரு இளம் தாய் வந்தாள். கதிரவெளியில் பிறந்து இங்கே வாழ வந்தவள். கூட மாமியார். இரண்டு வயதுப் பொடியன். கீச்சிடுகிற சப்பாத்துத்தான் வேண்டும் என்றாள்.

"கூப்பிட்டா வரமாட்டான் மாமா, சரியான குழப்படி. இது எண்டா சத்தத்தை வெச்சுப் பிடிச்சிரலாம்."

"இவன்ட தகப்பனும் நாலு வயசு மட்டும் ஒரு சொல்லுக் கதைக்கல்ல" என்றாள் மாமியார். "இப்ப வாயை மூடினாப் போதும் எண்டு இரிக்கு."

என் முழங்கால் மடங்காது. அவனை மர வாங்கில் இருத்திப் போட்டுவிட்டு இறக்கினேன். அவன் நடந்தான். கீச்சிட்டது. மாமியார் சிரித்தாள், தாய் சிரித்தாள், தெருவில் போனவன்கூடத் திரும்பிப் பார்த்தான். பொடியன் குனியவில்லை.

முதல் சத்தத்துக்குத் தன் காலைக் குனிந்து பார்க்காத பிள்ளை இல்லை என்று நீ சொல்வாய். திடுக்கிட்டுப் பார்க்கும், அழுதுகொண்டு பார்க்கும், எப்படியும் பார்க்கும். இவன் கண்ணாடி அலுமாரிவரை கீச்சிட்டுக்கொண்டே போய், அதில் தொங்கிய நிறநிறமான செருப்புப் பட்டிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பெட்டியில் இருந்து இன்னொன்றை எடுத்து அவனுடைய பிடரிக்குப் பின்னால் அழுத்தினேன். திரும்பவில்லை. மறுபடி அழுத்தினேன். என் நிழல் கண்ணாடியில் விழுந்த பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. இரக்கமும் வரவில்லை, பயமும் வரவில்லை. கணக்கு மட்டும் ஓடியது. சொன்னால் மாமியார் பிடித்துக்கொள்வாள், பொம்பிளையில்லாத, பிள்ளையில்லாத கிழவனுக்கு இது என்னத்துக்கு என்பாள். சொல்லாவிட்டால் அவன் அந்தச் சப்பாத்தோடு போவான். கூப்பிட்டு வராததற்கு நாளைக்கும் அடி வாங்குவான். தாய் காசை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையோடு வாய் திறந்தது.

"என்ட மனிசிர அக்காக்கு ஒரு மகன், சுதன் எண்டு. அவனும் இப்பிடித்தான், கூப்பிட்டா வரமாட்டான். குழப்படி எண்டு நாங்க அடிச்சும் இரிக்கம் மகள்."

அவள் நிமிர்ந்தாள்.

"பிறகு பாத்தா அவனுக்குக் காது கேக்கல்ல. கேக்காத புள்ளைக்கு அடிச்சிரிக்கம். பெரியாசுப்பத்திரியில காது பாக்கிற இடத்தில காட்டினம். பிந்திட்டம் எண்டு டாக்குத்தர் எங்களைத்தான் ஏசினார்."

"எங்கட புள்ளைக்கு அப்பிடி ஒண்டுமில்ல அண்ணன்" என்றாள் மாமியார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நான் சுதன்ட கதையைத்தான் சொன்னன், தங்கச்சி."

தாய் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று "தம்பி" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு கடை முழுக்கக் கேட்கும்படியாக. அவன் பட்டிகளைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவள் குனிந்து அவனைத் தூக்கினாள். தோளில் போட்டுக்கொண்டு, மாமியாருக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டாள்.

"அந்தப் புள்ளை இப்ப கதைக்கானா மாமா?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் நீதான் பதில் சொல்வாய். நான் பெட்டி அடுக்குகிற சாட்டில் அந்தப் பக்கம் போய்விடுவேன். அன்றைக்குப் போக இடம் இருக்கவில்லை.

"கதைக்கான் மகள். காதுக்கு ஒரு மிசின் வெச்சுக் குடுத்தாங்க. பிந்தினதில கொஞ்சம் கொன்னை. எண்டாலும் நல்லாக் கதைக்கான்."

நீ என்றால் கொன்னையைச் சேர்த்திருக்க மாட்டாய். நான் யாவாரி, முழுச் சுகம் என்று உறுதி கொடுக்க எனக்கு வராது.

அவர்கள் போனார்கள். தூக்கிக்கொண்டு போனதால் சப்பாத்துச் சத்தம் கேட்கவில்லை. காட்டினார்களா, மாமியார் மறித்துவிட்டாளா, நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்களா, தெரியாது. அவள் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. வந்தால் நான் அவளுடைய பிள்ளையை விசாரிக்க முடியாது. அவள்தான் சுதனை விசாரிக்க வேண்டும்.

நீ போகும்போது எதையும் என் கையில் தந்துவிட்டுப் போகவில்லை என்று இருந்தேன். சுதனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இவ்வளவு வருடம் நீ வளர்த்தும் ஐந்து வயதைத் தாண்டாத, ஊரில் உள்ள எல்லா வருத்தமும் வருகிற பிள்ளை. இனி அவனுக்கு என்ன வந்தாலும் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக நான் மட்டும்தான் இருக்கிறேன். கொண்டுபோவேன். ஏச்சையும் நானே வாங்குவேன்.